பந்தயத்தையும் கொஞ்சம் எழுதுங்கள்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணைய இதழ்கள் ஆகியவற்றின் விளையாட்டுப் பகுதியில் பணிபுரியும் நண்பர்களுக்கு,



2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் நம் திருச்சிப் பக்கத்துக் கோமதி மாரிமுத்து 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். அந்த வாரம் நீங்கள் எழுதியதையும் பேசியதையும் விரும்பிப் படித்தேன், பார்த்தேன். முடிகண்டம் என்ற அவருடைய ஊர் தெரிந்தது. குடும்பம் பட்ட பாடு தெரிந்தது. காலில் போட்டிருந்த ஷூ இரண்டும் ஒரே ஜோடியா இல்லையா என்பதில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. கடைசி நேர்ப்பாதைக்குள் நுழைந்தபோது அவருக்கு முன்னால் யார் இருந்தார்கள், சீனாவின் வாங் சுன்யூவை எங்கே பிடித்தார், முதல் சுற்றை எத்தனை விநாடியில் முடித்தார் என்று தேடினேன். 2 நிமிடம் 2.70 விநாடி என்ற ஒரே ஓர் எண்தான் கிடைத்தது. அதையும் சில இடங்களில் '2.02 நிமிடம்' என்று போட்டிருந்தீர்கள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார், நான்கு ஆண்டுத் தடை வந்தது, தங்கம் வாங் சுன்யூவுக்குப் போனது. அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. எழுத வேண்டிய செய்திதான், எழுதினீர்கள். ஆனால் அப்போதும் நாம் கோமதியைப் பற்றி மட்டும்தான் பேசினோம். அந்தத் தங்கம் யாருக்குச் சேர வேண்டியதாக இருந்ததோ அந்தப் பெண் தோஹாவுக்கு இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் 1 நிமிடம் 57.00 விநாடியில் ஓடி ஐந்தாவதாக வந்தார். ஆசியாவிலிருந்து ஒரு பெண் 800 மீட்டரில் உலகத்தின் முதல் ஐந்துக்குள் வந்ததைத் தமிழில் எத்தனை பேர் எழுதினோம்?

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பி.டி. மாஸ்டர் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். மாவட்டப் போட்டிகளிலும் மண்டலப் போட்டிகளிலும் ஸ்டாப் வாட்ச் பிடித்து, லேப் எண்ணி, மணி அடித்த ஆள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். பெண்களின் நடுத்தூர ஓட்டத்தைப் பற்றி எழுதும்போது ஓட்டத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதும் பழக்கம் நம்மிடம் மட்டும் இருப்பதல்ல. அது பிறந்து கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகப்போகிறது. பிறந்த அன்றே அது செய்த சேதமும் பெரியது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1928, ஆம்ஸ்டர்டாம். ஒலிம்பிக்கில் பெண்களைத் தடகளத்தில் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட ஆண்டு அது. சும்மா சேர்த்துக்கொள்ளவில்லை. பிரான்சின் அலீஸ் மில்லியா என்ற பெண்மணி 1921-லேயே பெண்களுக்கென்று ஒரு சர்வதேச விளையாட்டுச் சம்மேளனத்தை உருவாக்கி, 1922-ல் பாரிசில் 'பெண்கள் ஒலிம்பிக்' என்றே பெயர் வைத்துப் போட்டி நடத்திவிட்டார். ஒலிம்பிக் கமிட்டிக்குப் பெயர் மீது கோபம். பெயரை மாற்றிக்கொள்கிறோம், பதிலுக்கு உங்கள் விளையாட்டில் எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று பேரம் நடந்தது. கிடைத்தவை ஐந்தே ஐந்து போட்டிகள்: 100 மீட்டர், 800 மீட்டர், 4×100 தொடர் ஓட்டம், உயரம் தாண்டுதல், வட்டு எறிதல். ஐந்து போதாது என்று பிரிட்டன் பெண்கள் வரவே மறுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2-ஆம் தேதி 800 மீட்டர் இறுதி. ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். அது உலக சாதனை. தடகளத்தில் ஜெர்மனிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுதான். இரண்டாவது ஜப்பானின் கினுவே ஹிட்டோமி, மூன்றாவது ஸ்வீடனின் இங்கா கென்ட்செல். முதல் மூவருமே பழைய உலக சாதனை நேரத்துக்குள் வந்தார்கள். நான்காவதும் ஐந்தாவதும் கனடாப் பெண்கள்: ஜீன் தாம்சன், ஃபேனி ரோசன்ஃபெல்ட். ஆறாவது அமெரிக்காவின் ஃப்ளாரன்ஸ் மக்டொனால்ட். மிச்சம் மூவரில் இருவர் ஜெர்மனி, ஒருவர் போலந்து.

மறுநாள் பத்திரிகைகளில் வந்தது வேறு பந்தயம். ஜான் டூனிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் பதினொரு பெண்கள் ஓடியதாகவும், அதில் ஐந்து பேர் பாதியில் விலகியதாகவும், மற்ற ஐந்து பேர் கோட்டைத் தாண்டியதும் விழுந்ததாகவும் எழுதினார். ஓடியவர்களே ஒன்பது பேர் என்பதை மீண்டும் நினைவுபடுத்துகிறேன். நியூயார்க் டைம்ஸ் எண்ணிக்கையில் தவறவில்லை. ஒன்பதில் ஆறு பேர் தரையில் சாய்ந்தார்கள் என்று எழுதியது. பெண் உடம்பு இதைத் தாங்காது, பார்க்கவே பரிதாபமாக இருந்தது என்ற பாட்டைப் பல நாட்டுப் பத்திரிகைகள் பாடின.

அந்தப் பந்தயத்தின் நடுவர்களில் ஒருவர் மெஸ்ஸெர்லி என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர். பல ஆண்டு கழித்து அவர் எழுதிவைத்த குறிப்பு உண்டு. கோட்டுக்கு அப்பால் புல்லில் விழுந்தவர்கள் இரண்டு கனடாக்காரர்களும் ஒரு ஜப்பான்காரரும். பார்வையாளர்களும் பத்திரிகையாளர்களும் அவர்கள் களைத்து விழுந்ததாக நினைத்துக்கொண்டார்கள். தான் பக்கத்திலேயே நின்றதாகவும், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தோற்ற ஏமாற்றத்தில் அழுதார்கள், அவ்வளவுதான் என்றும் சொல்கிறார். நான்காவதாக வந்த தாம்சனுக்கு அப்போது பதினேழு வயது. ஒலிம்பிக் பதக்கம் கைநழுவினால் பதினேழு வயதுப் பெண் அழாமல் என்ன செய்வாள்?

அப்படியே களைத்து விழுந்திருந்தால்தான் என்ன? 800 மீட்டரை முழு மூச்சாக ஓடியவர் யாராக இருந்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க முடியாது. எங்கள் மாவட்டப் போட்டியில் ஆண் பிள்ளைகள் 800 முடிந்ததும் கிடக்கிற கிடையை வந்து பாருங்கள். ஒருவன் மல்லாந்து கிடப்பான், ஒருவன் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். நாங்கள் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த ஹீட்ஸைக் கூப்பிடுவோம். 1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி மைதானத்துக்குள் வந்தபிறகு திரும்பத் திரும்ப விழுந்தார், அதிகாரிகள் தூக்கிவிட்டுக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள், அதனாலேயே தகுதிநீக்கம் ஆனார். அவருக்கு அரசி அலெக்ஸாண்ட்ரா வெள்ளிக் கோப்பை பரிசளித்தார், உலகம் கொண்டாடியது. 1912 ஸ்டாக்ஹோம் மாரத்தானில் போர்ச்சுகலின் ஃபிரான்சிஸ்கோ லாசரோ மயங்கி விழுந்து மறுநாள் இறந்தே போனார். அடுத்த ஒலிம்பிக்கில் மாரத்தான் நடந்தது. விழுந்த ஆணுக்குக் கோப்பை, அழுத பெண்ணுக்குத் தடை என்று அந்தக் காலத்து நியாயம் இருந்திருக்கிறது.

ஆமாம், தடைதான். பத்திரிகைகள் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் பய்யே-லத்தூரே பெண்கள் தடகளத்தில் இருப்பதை விரும்பாதவர். வெட்டக் காத்திருந்த கைகள் பல; அரிவாளைத் தீட்டிக் கொடுத்தவர்கள் உங்கள் தொழிலின் முன்னோர்கள். சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 800 மீட்டரைப் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கியது. 1932-லும் 1936-லும் ஒலிம்பிக்கில் ஒரு பெண் தனியாக ஓடக்கூடிய அதிகபட்சத் தூரம் 100 மீட்டர். 1948-ல் 200 வந்தது. 800 திரும்பி வந்தது 1960 ரோமில். இடையில் 32 ஆண்டு. வேடிக்கையைப் பாருங்கள், 400 மீட்டர் அதற்கும் நான்கு ஆண்டு கழித்துத்தான் வந்தது. 1500 மீட்டருக்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1928-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு நடுத்தூர ஓட்டத்தில் திறமை இருந்திருந்தால், ஒலிம்பிக்கில் ஓடும் வயதெல்லாம் கடந்து, முப்பத்திரண்டு வயதில்தான் அவருக்கு வாசல் திறந்திருக்கும்.

இந்தக் கதையில் உங்களுக்குச் சொந்தமான ஒரு பகுதி இருக்கிறது. அந்த ஒன்பது பேரில் இருவர் உங்கள் தொழில்காரர்கள்.

கினுவே ஹிட்டோமி 'ஒசாகா மைனிச்சி' நாளிதழில் வேலை பார்த்தவர். அவருடைய பலம் நீளம் தாண்டுதல். அது ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு இல்லை. 100 மீட்டரில் அரையிறுதியோடு வெளியேறிவிட்டார். வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமில்லாமல், அதுவரை போட்டியில் ஓடியே பார்க்காத 800 மீட்டரில் இறங்கினார். இறங்கி வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண். ஒரு ஸ்பிரின்ட் ஓட்டக்காரர், தாண்டுபவர், பழக்கமில்லாத தூரத்தில் உலக சாதனைக்காரரின் முதுகைத் தொடும் தூரத்தில் முடிக்கிறார் என்றால், அது எப்படி நடந்தது, எந்த வேகத்தில் போனார், எங்கே முன்னேறினார் என்பதல்லவா செய்தி! உலகப் பத்திரிகைகள் அவர் புல்லில் படுத்ததைத்தான் எழுதின. 1930-ல் பிராகில் நடந்த பெண்கள் உலகப் போட்டிக்குப் பணம் திரட்டி, சக வீராங்கனைகளையும் கூட்டிக்கொண்டு போனார். 1931-ல் நிமோனியாவில் இறந்தார். வயது 24. இறந்த தேதியும் ஆகஸ்ட் 2. அந்த 800 மீட்டர் ஓடி சரியாக மூன்று ஆண்டு.

இன்னொருவர் ஐந்தாவதாக வந்த ஃபேனி ரோசன்ஃபெல்ட். 'பாபி' என்று கூப்பிடுவார்கள். 100 மீட்டரில் வெள்ளி, தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். 800 அவருடைய தூரமே இல்லை. அடிபட்டிருந்த தாம்சனுக்குத் துணையாகத்தான் இறக்கிவிட்டார்கள். பின்வரிசையில் இருந்தவர் வேகம் கூட்டி முன்னேறி வந்து, தடுமாறிக்கொண்டிருந்த தாம்சனின் பக்கத்தில் சேர்ந்துகொண்டு, அவரைத் தாண்டிப் போகாமல் தெம்பு சொல்லிக்கொண்டே கோடு வரை கூட ஓடினார் என்று கனடா அணியின் மேலாளர் சொல்லியிருக்கிறார். நான்காவது, ஐந்தாவது இடங்களுக்குப் பின்னால் இருந்த இந்தக் கதையை அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த எத்தனை நிருபர்கள் பார்த்தார்கள்? கண் எதிரே நடந்திருக்கிறது. ரோசன்ஃபெல்ட் பிறகு மூட்டுவாதத்தால் விளையாட்டை விட்டார். டொரான்டோவின் 'குளோப் அண்ட் மெயில்' நாளிதழில் சுமார் இருபது ஆண்டு விளையாட்டுப் பத்தி எழுதினார். இன்று கனடாவின் சிறந்த விளையாட்டு வீராங்கனையை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் விருது அவர் பெயரில் இருக்கிறது. தேர்ந்தெடுப்பவர்கள் அந்நாட்டு ஊடகத்துறையினர்தான்.

சரி, பந்தயத்தை எழுது எழுது என்கிறானே, இரண்டு சுற்றில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன். தடகளத்திலேயே எழுதுவதற்கு மிக அதிகமான விஷயம் இருக்கும் ஓட்டம் 800 மீட்டர். நூறு மீட்டரில் துப்பாக்கி வெடித்தால் முடிந்தது கதை. மாரத்தானில் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். எண்ணூறில் இரண்டு நிமிடத்துக்குள் ஐந்தாறு தீர்மானங்கள் எடுத்தாக வேண்டும், ஒவ்வொன்றும் இதயம் நிமிடத்துக்கு இருநூறு தடவை அடிக்கும் நேரத்தில்.

முதல் வளைவை அவரவர் லேனில் ஓட வேண்டும். வளைவு முடிகிற இடத்தில் தரையில் ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டிய பிறகுதான் உள் லேனுக்கு இறங்கலாம். ஓர் அடி முன்னால் இறங்கினாலும் தகுதிநீக்கம். 1986 சோல் ஆசிய விளையாட்டில் ஷைனி ஆபிரகாம் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தும் பதக்கம் இல்லாமல் போனது இந்தக் கோட்டினால்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை போனவர் அவர். அனுபவம் இல்லாதவர் இல்லை. கண் மூடித் திறக்கும் நேரத்தில் நடக்கிற தவறு அது.

உள்ளே இறங்கியதும் அடுத்த சிக்கல். முதல் லேனை ஒட்டி ஓடினால் தூரம் மிச்சம், ஆனால் முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், பின்னால் ஒருவர் என்று சூழ்ந்துகொண்டால் சிறை. பாக்ஸ் ஆகிவிட்டாள் என்று நாங்கள் சொல்வோம். வெளியே, இரண்டாவது லேனில் ஓடினால் வழி திறந்திருக்கும், விலை தூரம். ஒரு வளைவை முழுக்க இரண்டாவது லேனில் ஓடினால் சுமார் மூன்றரை மீட்டர் அதிகம் ஓடுகிறார் என்று அர்த்தம். 2 நிமிடம் 3 விநாடி வேகத்தில் மூன்றரை மீட்டர் என்பது அரை விநாடிக்குச் சற்று மேல். பல ஆசியப் போட்டிகளில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே அந்த அரை விநாடிகூட இருப்பதில்லை. கோமதிக்கும் வாங் சுன்யூவுக்கும் தோஹாவில் இருந்த வித்தியாசம் 0.26.

பிறகு மணி அடிக்கும். முதல் சுற்றை எத்தனை விநாடியில் முடித்தார் என்பது அங்கேதான் தெரியும். பெண்கள் 800 செய்தி ஒன்றில் ஒரே ஓர் எண்ணைக் கூடுதலாகப் போட இடம் இருந்தால், அந்த எண்ணைப் போடுங்கள். முதல் சுற்று மெதுவாகப் போனால் கடைசி இருநூறில் வேகமுள்ளவருக்குச் சாதகம். வேகமாகப் போனால் தாங்கும் சக்தி உள்ளவருக்குச் சாதகம். டின்டு லூக்கா ஓடிய காலத்தில் இதுதான் கதையே. பி.டி. உஷாவின் மாணவி, துப்பாக்கி வெடித்ததும் முன்னால் போய்விடுவார், மற்றவர்களைத் துரத்த வைப்பார், கடைசி நூறு மீட்டரில் கால்கள் கனக்க ஒவ்வொருவராகத் தாண்டிப் போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2010-ல் ஸ்பிலிட் நகரில் அதே பாணியில் 1 நிமிடம் 59.17 விநாடி ஓடி, ஷைனி 1995-ல் சென்னையில் வைத்திருந்த 1 நிமிடம் 59.85 என்ற தேசிய சாதனையை உடைத்தார். 2015-ல் ஊஹானில் ஆசியச் சாம்பியன் ஆனார். 'கடைசியில் சொதப்பினார்' என்று அவரைப் பற்றி எளிதாக எழுதிவிட்டோம். வேகமான ஃபினிஷ் இல்லாத ஓர் ஓட்டக்காரருக்கு முன்னால் போவதைத் தவிர வேறு வழி என்ன, உஷா ஏன் அதை மாற்றவில்லை, மாற்றியபோது என்ன ஆயிற்று என்று ஒரு நல்ல கட்டுரை எழுத அவருடைய பத்தாண்டு ஓட்டத்தில் இடம் இருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு சாந்தி சௌந்தரராஜனுக்கு வராமல் இருக்க முடியாது.

2006 டிசம்பர், அதே தோஹா, ஆசிய விளையாட்டு, 800 மீட்டர். பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் முதலாவது. சாந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் இரண்டாவதாக வந்தார். கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவா 2 நிமிடம் 3.19. வித்தியாசம் 0.03 விநாடி. அந்த வேகத்தில் 0.03 விநாடி என்பது ஒரு சாணுக்கும் குறைவான தூரம். கோட்டுக்கு முன் மார்பைச் சாய்த்த சாய்ப்பில் கிடைத்த பதக்கம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், முந்தைய ஆண்டு இன்ச்சானில் ஆசியத் தடகளத்தில் வெள்ளி வாங்கியவர், அந்தச் சாணைச் சும்மா பெறவில்லை.

சில நாளில் பாலினப் பரிசோதனை, பதக்கம் பறிப்பு. அவருடைய உடம்பு பற்றிய ஒரு மருத்துவ விவரம், அவருக்கும் மருத்துவருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டியது, ஊர் ஊராகத் தலைப்புச் செய்தி ஆனது. அன்று வந்த தலைப்புகளில் சிலவற்றை இங்கே எடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களே உங்கள் அலுவலகக் கோப்புகளில் 2006 டிசம்பரைப் பிரித்துப் பாருங்கள். அவர் மருந்து எதுவும் சாப்பிடவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். அப்போது முதல்வராக இருந்த கருணாநிதி, பதக்கம் போனபிறகும், 15 லட்ச ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் சாந்தி. பிறகு ஒரு கட்டத்தில் அவரே செங்கல் சூளை வேலைக்குப் போனார் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அதனால் கவனம் கிடைத்தது, பின்னால் அரசுப் பயிற்சியாளர் வேலையும் வந்தது. நீங்கள் எழுதும் வறுமைக் கதைகளால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். பல பிள்ளைகளுக்கு ஷூ கிடைத்ததே அதனால்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாந்தியின் ஓட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு, உடம்பைப் பற்றிச் சொல்லப்பட்டது எவ்வளவு? மூன்று ஆண்டு கழித்து 2009-ல் பெர்லின் உலகத் தடகளத்தில் பதினெட்டு வயது காஸ்டர் செமன்யா 1 நிமிடம் 55.45 விநாடியில், இரண்டாவது வந்தவருக்கு 2.45 விநாடி முன்னால், 800 மீட்டரை வென்றபோதும் இதே நடந்தது. இறுதிப் பந்தயம் நடந்த அன்றே பரிசோதனை விவகாரம் வெளியே கசிந்து, வென்றவர் பத்திரிகையாளர் சந்திப்புக்கு வராமல் அதிகாரி ஒருவர் உட்கார்ந்து பதில் சொன்னார். யார் ஓடலாம் என்ற விதிகளைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். விதியைப் பற்றி வாதாடுங்கள், அதிகாரிகளைக் கேள்வி கேளுங்கள். டிராக்கில் நிற்கும் பெண்ணின் தோளையும் குரலையும் அளந்து எழுதாதீர்கள். இதில் மட்டும் நான் கெஞ்சவில்லை, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இன்னொரு பந்தயம், நம் நாட்டு மண்ணிலேயே நடந்தது. 2017 ஜூலை, புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம், ஆசியத் தடகளம். 800 மீட்டரில் மகாராஷ்டிரத்தின் அர்ச்சனா ஆதவ் முதலில் கோட்டைத் தாண்டினார். முடிகிற நேரத்தில் இலங்கையின் நிமாலி லியனாரச்சியைத் தள்ளினார் என்று இலங்கை அணி புகார் கொடுத்தது. வீடியோ பார்த்து அர்ச்சனாவைத் தகுதிநீக்கம் செய்தார்கள், தங்கம் நிமாலிக்கு. நம் பக்கத்துச் செய்திகளில் 'தங்கம் பறிபோனது' என்ற ஒப்பாரிதான் கேட்டது. என்ன விதி, எங்கே இடித்தார், நிமாலி அப்போது எந்த நிலையில் முன்னேறிக்கொண்டிருந்தார் என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்று முதல் இரண்டு இடமும் இலங்கைப் பெண்களுக்கு. வெள்ளி கயந்திகா அபேரத்ன. பக்கத்து நாட்டில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் ஆசியத் தரத்துக்கு எப்படி வந்தார்கள் என்று யாராவது ஒருவர் கொழும்புக்குப் போன் போட்டிருக்கலாம். எதிரே ஓடுகிறவர் இல்லாமல் பந்தயம் ஏது? நம் செய்திகளில் அவர்கள் 'சீன வீராங்கனை', 'இலங்கை வீராங்கனை' என்று பெயர் இல்லாமலே ஓடி முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. கிரிக்கெட் போக மிச்சம் கிடைப்பது கால் பக்கம். இரவு பத்து மணிக்கு முடிவு வரும், பத்தேகாலுக்குப் பக்கம் போக வேண்டும். நேரில் அனுப்புவதற்கு நிர்வாகம் காசு கொடுக்காது. ஏஜென்சி அனுப்பும் நான்கு வரியில் கதை இருக்காது. ஆனாலும் பெரிய போட்டிகளின் முடிவுத்தாள்களில் இறுதி நேரத்தோடு முதல் சுற்று நேரமும் பல நேரம் இருக்கிறது. முழு ஓட்டத்தின் வீடியோ இரண்டு நிமிடம்தான். 'சிங்கப்பெண்' என்று தலைப்பு யோசிக்கும் நேரத்தில் அதை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிடலாம். பார்க்கும்போது முதலிடத்தை மட்டும் பார்க்காமல் மணி அடித்த இடத்திலிருந்து நான்காவது, ஐந்தாவது ஓட்டக்காரர் மீது கண்ணை வையுங்கள். பதக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

வர்ணனையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசி நூறு மீட்டரில் 'ஓடு, ஓடு' என்று நீங்கள் கத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் டிராக் ஓரம் நின்று கத்தியவன்தான். முதல் எழுநூறு மீட்டரில் அவர் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசாமல், அவர் எந்த லேனில் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

மாவட்டப் போட்டிகளுக்கும் வாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மண்டலப் போட்டிகளில் மண் டிராக்கில், சுண்ணாம்புக் கோட்டில் இன்றும் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் 800 ஓடுகிறார்கள். அங்கே மின்னணுக் கடிகாரம் இருக்காது, ஆனால் எங்களைப் போல ஸ்டாப் வாட்ச் பிடிப்பவர்கள் இருப்போம். முதல் சுற்று எவ்வளவு என்று கேட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவோம், வேண்டுமானால் தாளில் எழுதியும் தருவோம். நான்காவது வந்த பிள்ளையின் பெயரையும் சேர்த்தே தருவோம், அதையும் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியர்